பிரேக் மாஸ்டரின் கால்

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதனால்தான் நம்ம டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயரே விழுந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் ஆக்சிலேட்டரைத் தேடுவதற்குள் இவர் கால் பிரேக்கில் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் மனுஷனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்படிப்பட்டவரின் மனைவியே டெஸ்ட்டில் இரண்டு தடவை கோட்டை விட்டால் மானம் போகாதா? இரண்டு தடவையும் ஒரே தப்புதான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அங்கே நட்டிருந்த பிளாஸ்டிக் கம்பத்தில் இடித்துவிட்டாள். சலவைக் கடையில் வேன் ஓட்டும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. இந்த டெஸ்ட்டிலும் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் விடுவாரா? காலி மைதானத்தில் கம்பம் நட்டு, தொண்டை கட்டும்வரை கத்தினார்.

"கம்பம்! கம்பத்தைப் பாரு! இடிச்சிடாதே!"

அவளும் கம்பத்தையே பார்த்தாள். வண்டியும் நூல் பிடித்தமாதிரி நேராகக் கம்பத்துக்கே போனது. இவர் பிரேக்கை மிதித்தார்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா?"

"நீங்கதானே அதைப் பாருன்னீங்க!"

அதுவும் நியாயம்தான்.

டெஸ்ட் அன்று காலை அவள், "நீங்க வராதீங்க" என்றாள்.

"நான் வாயே திறக்கமாட்டேன்."

"உங்க வாய்க்கு யாரு பயந்தா? நீங்க பக்கத்துல நின்னாலே எனக்குக் கம்பம்தான் தெரியுது."

"நீ ஃபெயிலாயிடக் கூடாதேன்னுதானே இவ்வளவும்?"

"அதான். உங்களுக்கு நான் ஃபெயிலாகக் கூடாது. எனக்கு வேன் ஓட்டணும்."

இரண்டும் ஒன்றுதானே? அதை ஏன் இவள் இரண்டாகப் பிரிக்கிறாள்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மனசு கேட்காமல் போய், வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். கார் பின்னால் நகர்ந்தபோது செருப்புக்காலால் மண்ணை மிதிமிதியென்று மிதித்தார். காரோ கம்பங்களுக்கு நடுவே வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பாஸ்!

துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? சந்தோஷம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. அப்படியானால் இத்தனை நாள் அவளை இடிக்க வைத்தது யார்? பெண்டாட்டி ஜெயித்த நேரத்தில் இது என்ன கருமம் பிடித்த யோசனை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவள் வேலியருகே வந்து சிரித்தாள். "பாத்துட்டேன், வாங்க."

"கம்பத்துல இடிக்காம எப்படித் தப்பிச்சே?"

"கம்பத்தை எங்க பாத்தேன்? நடுவுல இருந்த எடத்தைப் பாத்தேன்."

இருவரும் அந்தப் பயிற்சிக் காரில் ஏறினார்கள். அவள் ஸ்டார்ட் செய்தாள். "இன்னிக்கு எங்க சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன். சொல்லுங்க, எங்க போகலாம்?"

"பாலத்துப் பக்கம் வேண்டாம், நெரிசல். கடைத்தெரு வேண்டவே வேண்டாம். ஆத்தோரம் ஒரே பள்ளம்."

"வேண்டாததையா கேட்டேன்? உங்களுக்கு எங்க போகணும்?"

அவர் வாயைத் திறந்தார். போகக்கூடாத தெருவெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. போக ஆசைப்பட்ட இடம் என்று ஒன்றுகூட வரவில்லை.

"சரி, நானே ஒரு எடத்துக்குப் போறேன்" என்று அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அவர் கால் பிரேக்கில் இருந்தது.