அருணாவின் காலாவதியான சான்றிதழ்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுகிறவர்கள் மாதிரி நானும் என் கதைகளை இணையக் களஞ்சியம் ஒன்றில்தான் போட்டுவைப்பேன். போன வாரம் அது என் கணினிக்கு எட்டவில்லை. 'சான்றிதழ் காலாவதி' என்றது திரை. எரிச்சலில் அந்த வம்பைத் தூக்கி என் கதாநாயகி அருணா தலையில் கட்டினேன்.

2

ஜவ்வாது மலைமேல் மேகங்கள் தவழ்ந்து...

(வேண்டாம். அருணாவுக்கு மேகம் பார்க்க நேரமில்லை.)

காவலூர்ப் பக்கம் பஸ் திரும்பும் வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். மடிக்கணினியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்று மாலைக்குள் அவளுடைய நிரல் களஞ்சியத்தில் சேர்ந்தால், மலையிலிருந்தே பார்க்கிற வேலை கிடைக்கும். சேராவிட்டால் மறுபடி ஓசூர் ஹாஸ்டல், மறுபடி அந்தச் சாம்பார்.

'நான் போலி இல்லை' என்று காட்ட, களஞ்சியம் தன் சான்றிதழை நீட்டுகிறது. அதில் கையெழுத்துப் போட்டது யாரென்றே இவள் கணினிக்குத் தெரியவில்லை. யாரை நம்பலாம் என்று அது வைத்திருக்கும் பட்டியல் அரதப்பழசு. எல்லாம் இந்த மலைக்காரர்களின் சிக்கனம். அப்டேட் என்பது டேட்டாவை விழுங்கிவிடும் என்று, கணினி வாங்கிய அன்றே அதை நிறுத்திவிடுவார்கள். அருணாவும் நிறுத்தியிருந்தாள்.

3

கூடப் படித்த கோகுல்ராஜ் கண்ணமங்கலத்திலிருந்து போனில் சொன்னான். "இன்னா அருணா, இதுக்குப் போயி? சான்றிதழைச் சரிபாக்குறதையே ஆஃப் பண்ணிட்டு அனுப்பு."

"நடுவுல எவனாவது நான்தான் களஞ்சியம்னு சொல்லிக்கினு நின்னா? பாஸ்வேர்டு அவன் கைக்குப் போய்டும்டா. வூட்டுக் கதவைக் கழட்டி வெச்சுட்டா தூங்குவாங்க?"

நான் கோகுல் கட்சி. ஆஃப் செய்தால் கதை முடியும், டீ குடிக்கப் போகலாம். எழுதியும் பார்த்தேன்: 'அருணா ஒரு கணம் தயங்கி, சரிபார்ப்பை நிறுத்தி'

அதற்குமேல் அவள் நகரமாட்டேன் என்றுவிட்டாள். பிடிவாதக்காரி. எனக்கு ஒரே சந்தோஷம்.

4

போன் புதுசு, அதன் பட்டியலும் புதுசு என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. போனிலேயே புதிய சான்றிதழ்த் தொகுப்பை இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினாள். காலை வணக்கப் படம் ஒன்றின் அளவுகூட இல்லை அது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று சிரித்துவிட்டாள்.

(இங்கே மழை பெய்யவிட நினைத்தேன். அதற்குள் நிறுவி முடித்துவிட்டாள்.)

"கோகுலு, உள்ள வுட்டுச்சுடா. போவுது."

நான் நாற்காலியில் குதித்தேன்.

5

முடிவு அ: நிரல் நேரத்தோடு சேர்ந்தது. முடிவு ஆ: பாதியில் சிக்னல் போனது.

'அ'தான் நடந்தது என்பேன். ஆனால் கதை எழுதுகிறவன் பேச்சுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? அவள் இன்னும் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. சேர்ந்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். என்னை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள்.