நாளைக்கு ஆறு தட்டு

வியன்னாவின் குதிரைவண்டிக்காரர்கள் முற்பகலில் உண்பது குலாஷ் என்னும் மாட்டிறைச்சிக் குழம்பு. அதுவும் முதல்நாளே வெந்து, அடங்கி, மறுநாள் மீண்டும் சூடேறியதாக இருத்தல் வேண்டும். அன்று சமைத்ததை அன்றே உண்ண அவர்கள் இசையார். கிரெசென்சியாவின் உணவகத்துக்குப் புதிதாய் வந்த சமையற்காரி ரொசாலியாவின் வேலை, அவர்கள் சொல்லும் ஒற்றைச் சொல்லில் தொங்கியது. வேலை நிலைத்தால் மாடியறையும் அவளுக்குக் கிட்டும். மொராவியாவில் தமக்கையிடம் விட்டுவந்த மகளை அழைத்துக்கொள்ளலாம்.

முதல்நாள் மாலை, மாட்டிறைச்சியின் எடைக்கு எடை வெங்காயம் பொன்னிறமாய் உருகியிருந்தது. செந்நிறப் பாப்ரிகாப் பொடியைத் தூவியவள், காடிநீரை ஊற்றக் கணநேரம் பிந்திவிட்டாள். பொடி கருகிற்று. வெந்தபின் நாவில் வைத்தாள், கசந்தது. பானை முழுவதையும் கொட்டிவிட்டு, விடியலில் வேறொன்றை ஏற்றினாள்.

பத்து மணிக்கு அறுவர் வந்து அமர்ந்தனர். இருப்பதைப் பரிமாறு, இல்லையேல் பெட்டியைக் கட்டு என்றாள் கிரெசென்சியா. ரொசாலியாவின் கை கரண்டி வரை சென்று திரும்பியது. குலாஷைச் சுற்றி வைக்கும் பொரித்த முட்டை, சாசேஜ், விசிறியாய்க் கீறிய ஊறுவெள்ளரி, ரொட்டியுருண்டை ஆகியவற்றை மட்டும் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் வைத்தாள். நடுவிடம் வெறுமையாய் இருந்தது.

மூத்த வண்டிக்காரர் கயேத்தான் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தாச்சு, மாப்பிள்ளைய மட்டும் காணோமே?"

அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் எழுந்து சமையலறைக்குள் போய், ரொட்டி முனையைப் புதுப்பானையில் தோய்த்துச் சுவைத்தார்.

"உப்பு சரியா இருக்கு. கறியும் வெங்காயமும் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. போன சமையக்காரன்னா கசப்புல சக்கரையக் கொட்டி எங்க தலையில கட்டியிருப்பான். நாளைக்கு ஆறு தட்டு எடுத்து வை. மறுபடியும் வெறும் முட்டைய நீட்டினா என் குதிரைகூடச் சிரிக்கும்."

கிரெசென்சியா ஒருநாள் பொறுத்தாள்.

மறுநாள் குழம்பின்மேல் செந்நெய் கண்ணாடிபோல் மிதந்தது. அறுவரும் குனிந்து உண்டனர். கயேத்தான் இரண்டாம் ரொட்டியைப் பிட்டு, தட்டின் நீலக்கோடு தெளியுமட்டும் துடைத்துத் தின்றார்.

கிரெசென்சியா அந்தத் தட்டை எடுத்துவந்து காட்டினாள். பிறகு மாடியறைச் சாவியை அடுப்பருகே வைத்தாள். ரொசாலியா கையைத் துடைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு, நாளைய பானைக்கு வெங்காயம் உரிக்க அமர்ந்தாள்.