அழுகாச்சி அக்கா வாயை மூடிக்கொண்ட மாதம்

டப்பிங் தியேட்டரில் அவளை எல்லோரும் அழுகாச்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. திரையில் எந்த நடிகை வாயைப் பிளந்து அழுதாலும் உள்ளேயிருந்து வருவது இவள் குரல்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கிணற்றில் தள்ளப்பட்ட மருமகள், பழிவாங்க வந்த பேய், பிரசவ வலி எல்லாமே இவள் தொண்டை. போஸ்டரில் முகம் நடிகையுடையது. விருது வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அந்த மகராசிதான். இவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வது இவளுடைய சொந்தத் தம்பி. அவன் பொத்தானை அமுக்கியதும் மைக்குக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். உடனே இவள் மூச்சை இழுத்து நெஞ்சு நிறைய வைத்துக்கொண்டு அலறுவாள். அலறி முடித்ததும் தம்பி சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னொன்னு போலாம்க்கா."

முதல் தடவையிலேயே அவன் 'டேக் ஓகே' என்று சொன்ன சரித்திரமே கிடையாது. இப்படி வருஷக்கணக்காகப் பழகியதில் அவள் உடம்பு அந்த பல்புக்கு அடிமையாகிவிட்டது. ஆட்டோவில் போகும்போது சிக்னலில் சிவப்பு விழுந்தால் போதும், மூச்சை இழுத்துக்கொண்டு விறைத்துவிடுவாள். "என்னம்மா, மூச்சு வாங்குதா? ஆஸ்பத்திரிக்கு விடவா?" என்று ஓட்டுநர்கள் பதறுவார்கள். இது என்ன பொழைப்பு, சொல்லுங்கள்!

கடைசியில் தொண்டை மக்கர் செய்தது. ஒரு நாள் காலையில் தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தால், தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உழைச்ச கையில காய்ப்பு விழுமில்ல, அது மாதிரி குரல் நாண்ல விழுந்திருக்கும்மா. ரெண்டு மாசம் வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசுறது இன்னும் மோசம். இனிமே கத்தினா கத்திதான். கத்தி வெச்சப்புறம் இந்தக் குரல் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. வேணும்னா கொட்டாவி விடுங்க. தொண்டை தளரும்."

கொட்டாவியாம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. மைக் முன்னால் கொட்டாவி விடுவதைப் போன்ற பாவம் வேறு உண்டா? வந்த கொட்டாவியை எல்லாம் பல்லைக் கடித்து விழுங்கியே பழகியவள். இப்போது விடச் சொன்னால் எங்கிருந்து வரும்?

ஓர் அறக்கட்டளை, கலைஞர்கள் ஒரு மாதம் தங்குவதற்கென்றே ஒரு வீடு வைத்திருந்தது. அறை கொடுத்துச் சாப்பாடும் போடுவார்கள். இவள் விண்ணப்பத்தில் ஒரே வரிதான் எழுதினாள்: 'எனக்கு ஓய்வு வேண்டும்.' என்ன நினைத்தார்களோ, இடம் கிடைத்துவிட்டது. கழுத்தில் ஒரு சிலேட்டைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு போய் இறங்கினாள்.

வீட்டை நடத்தும் மேலாளர் அம்மா வாசலிலேயே வரவேற்றார்.

"தாராளமா ஓய்வு எடுங்க. அதுக்குத்தானே இந்த வீடு! கடைசி நாள் மட்டும், இங்க என்ன செஞ்சீங்கன்னு விருந்தாளிங்களுக்குக் காட்டணும். அவ்வளவுதான்."

அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'ஓய்வு எடுத்தேன்னு காட்டலாமா?'

மேலாளர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் ஒரு சிற்பி. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். ஆனால் விடிந்தது முதல் டங்கு டங்கென்று கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். இவள் போய் அவர் மணிக்கட்டை விரலால் காட்டி, என்ன இது என்று கையை விரித்தாள்.

"நானும் கையை ஆறப்போடத்தான் வந்தேங்க. ஆனா கடைசி நாள் விருந்தாளிங்க வருவாங்களே. வெறுங்கையோட எப்படி நிக்கிறது?"

'நல்லா இருக்கு கூத்து!' என்று எழுதிக் காட்டினாள். அவர் அசடு வழிந்துவிட்டு மறுபடி தட்டினார்.

இவளுக்கு மட்டும் என்ன, ஓய்வு ஓடி வந்து ஒட்டிக்கொண்டதா? படுத்தால் தூக்கம் கிடையாது. வாய் சும்மா இருந்தாலும் நெஞ்சு எதற்கோ தயாராகவே இருந்தது. சமையலறையில் மின்கெட்டிலைப் போட்டால் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள். "வெந்நீரைப் பாத்து ஏங்க இப்படிப் பயப்படுறீங்க?" என்பார் சிற்பி. தினமும் ஜன்னலருகே நின்று வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவிக்குக் கெஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம். காற்று உள்ளே போய்விட்டுச் சும்மா வெளியே வந்தது.

கடைசி நாள் மதியம் தம்பி வந்து நின்றான். தோளில் ஒலிப்பதிவுப் பெட்டி, கையில் மைக். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, ஒரே ஒரு அழுகை. டைரக்டர் ஒத்தக் கால்ல நிக்கிறார், உன் குரல்தான் வேணுமாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறாராம். ஒரு தடவை வேற ஆள் உள்ள வந்துட்டா, அப்புறம் உன்னை யாருக்கா கூப்பிடுவா?"

'டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இன்னும் ஒரு மாசம் இருக்கு.'

"ஒரே டேக்குக்கா. சத்தியமா."

'உன் ஒரே டேக் எனக்குத் தெரியாதாடா?'

இதைக் கேட்டுக்கொண்டே வந்த மேலாளர் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "அட, சாயங்காலம் இங்கயே பண்ணிடலாமே! விருந்தாளிங்க முன்னாடி, நேருக்கு நேரா ஒரு அலறல்! இதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் இப்படிச் செஞ்சதில்ல!"

அவள் 'முடியாது' என்று எழுதினாள். சிலேட்டு கொள்ளாத எழுத்து. கீழே கோடு போட்டாள், சாக்பீஸ் உடைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மேடை ஏறினா கூச்சம் போயிடும்," என்றார் மேலாளர் அம்மா தம்பியிடம்.

கூச்சமாம்! முடியாது என்றால் முடியாதுதான், இதற்கு அகராதியா புரட்ட வேண்டும்? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக் கூரை மிஞ்சியிருக்காது.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பளபளக்கும் செருப்புகள், கையில் தேநீர்க் கோப்பைகள். சிற்பி தன் அரைகுறைக் கல்லுக்குப் பக்கத்தில், வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அவளுடைய முறை வந்தது. 'இந்த மாசம் ஓய்வு எடுத்தேன். இன்னும் முடியல' என்று சிலேட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அவள் சிலேட்டைத் தூக்குவதற்குள் விளக்குகள் அணைந்தன. சுவரில் படம் ஓடத் தொடங்கியது. ஒரு தாய், மடியில் மகன், சத்தமே இல்லை. பக்கத்தில் மைக். மைக்குக்கு மேலே, தியேட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அதே பல்பு.

சிவப்பாக எரிந்தது.

பாவிப் பயல்! பல்பைப் பார்த்தால் அக்கா உடம்பு தானாக அழுதுவிடும் என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் நினைத்த மாதிரியே மூச்சு உள்ளே போனது. அவளைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்குப் போனது. நெஞ்சு நிறைந்தது, தொண்டை இறுகியது. சுவரில் அந்தத் தாய் வாயைத் திறந்தாள். அலறல் அவள் நாக்கின் அடிவரை வந்துவிட்டது.

அப்போது தம்பியைப் பார்த்தாள். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சிவந்த கண்ணோடு காத்திருந்தான். அவன் உதடு ஏற்கெனவே அந்த வார்த்தைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இன்னொன்னு போலாம்க்கா.

போடா! இது என் தொண்டைடா, என்று மனசுக்குள் சொன்னாள். இனி இதிலிருந்து ஒரு சத்தம் வெளியே போவதாக இருந்தால், நான் சொல்லும் நாளில்தான் போகும்.

இறுகிய தொண்டையை வேண்டுமென்றே தளர்த்தினாள். தோளைக் கீழே விட்டாள். தாடை தானாக இறங்கியது. அலறலுக்காக இழுத்த அத்தனை மூச்சும் போக வழி தெரியாமல் ஒரு கணம் தவித்தது. அப்புறம் எங்கோ அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்து விழுங்கியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பியது. கண்ணில் நீர் வழிய, காது அடைக்க, கையால் வாயை மறைக்காமல், அத்தனை பெரிய மனிதர்கள் முன்னாலும் அழுகாச்சி அக்கா ஒரு கொட்டாவி விட்டாள்.

அது முடியவே இல்லை. சுவரில் தாய் வாய் பிளந்திருந்தாள், மைக் முன்னால் இவள் வாய் பிளந்திருந்தாள். முதலில் சிற்பி கொட்டாவி விட்டார். அடுத்து முன்வரிசைப் பளபளச் செருப்பு ஒருவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், பின்வரிசை, தேநீர் கொண்டுவந்தவர் வரைக்கும் போய்விட்டது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். மேலாளர் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"இதைக் காட்டவா ஒரு மாசம் உங்களுக்கு ரூம் குடுத்-ஆஆவ்..."

பாதிக் கேள்வியை அவருடைய கொட்டாவியே விழுங்கிவிட்டது. மீதி எதற்கு? அவள் பழைய எழுத்தைச் சேலையால் துடைத்துவிட்டு, பெரிதாக எழுதி, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

'ஆமா. இதுக்குத்தான்.'

சிற்பி வீங்கிய கையை முன்னால் கொண்டுவந்தார். உளியை எடுத்துப் பைக்குள் போட்டார். கல்லின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, கையை எல்லோரும் பார்க்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

தம்பி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. இவள் அவனையே முறைத்தாள். வேற ஆளைப் போட்டுக்கொள்ளட்டும், போகிற வேலை போகட்டும், கேட்டால் இன்னொரு கொட்டாவிதான் கிடைக்கும் என்று நின்றாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான். கை நீட்டி பல்பை அணைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவனுக்கும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே முடித்தான்.

"டேக் ஓகேக்கா. டைரக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் சிலேட்டில் எழுதினாள்: 'என் ரூம் திறந்துதான் இருக்கு. போய்ப் படுடா.'