பின்டயர் மட்டும் தேயும் வண்டி

கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் பழைய காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை தவறாமல் நான்கு டயருக்கும் காற்று பார்ப்பார், பள்ளங்களில் சிக்கிய சிறுகல்லைக்கூட நோண்டி எடுப்பார். இருந்தும் பின்டயர்கள் இரண்டும் மாதாமாதம் மொட்டையாயின. முன்டயர்களோ வாங்கிய மெருகு குலையாமல் இருந்தன. மனிதர் டயர்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். சக்கரம் நேராக ஓடுகிறதா என்று இரண்டு இடங்களில் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்காமல் மனம் வெறுத்துப்போனார்.

"வண்டியில ஏதோ கோளாறு இருக்கு. எனக்குத்தான் பிடிபடல. திங்கக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றாரு, வித்துடலாம்" என்றார் சாப்பிடும்போது.

அந்தக் கோளாறு எதிரே உட்கார்ந்து, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வேறு யாருமில்லை, அவர் மனைவிதான்.

அவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்க "வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே பொழுது போகும். ஒருநாள் மழையில் நனைந்த வாகன நிறுத்தத்தில் காரின் வால் சறுக்கி அரை வட்டம் அடித்தது. அலற வேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் சாதாரணச் சிரிப்பில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த கிடங்கின் முற்றத்தில், வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்டிங் பழகினாள். வீட்டில் சொன்னது யோகா வகுப்பு. உடம்பெல்லாம் ரப்பர் நாற்றம் அடிக்கிறதே என்று அவர் கேட்டபோது, "யோகா விரிப்புங்க, புதுசு" என்று கூசாமல் சொன்னாள்.

பாவம், வேகத்தடையில் தூளிக் குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோல் ஏறி இறங்கும் மனிதர். அவரிடம் போய், உங்கள் செல்ல வண்டியைத்தான் நான் பம்பரமாகச் சுற்றுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சாவியைப் பிடுங்கினாலும் பரவாயில்லை. முகம் வாடிவிட்டால் அதை அவளால் தாங்க முடியாது.

இன்னும் ஒரே ஞாயிறு. நடுவில் வைத்த பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றி, வண்டி சறுக்கியபடியே ஒரு முழு வட்டம் போட வேண்டும். இதுவரை முக்கால் வட்டம்தான் வந்திருக்கிறது. வண்டி கைவிட்டுப் போவதற்குள் ஒரே ஒரு முழு வட்டம், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஞாயிறும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி, கைபிரேக்கைச் சுண்டி இழுத்தாள். வண்டி திரும்பவேயில்லை. விறுவிறுவென்று நேராகப் போய்க் கூம்பை இடித்துத் தள்ளிக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது.

சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு அங்கே புகைராணி என்று பெயர். அவள் ஓடிவந்து குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா, மொட்டை டயரை முன்னாடி மாட்டிட்டு வந்திருக்கீங்க? முன்டயர் தரையைப் பிடிச்சாத்தானே வண்டி திரும்பும்!"

முந்தின நாள் மாலை கணவர் வாசலில் உட்கார்ந்து எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். நாலும் சமமாகத் தேயட்டும் என்ற நல்லெண்ணம்!

மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜாக்கி இருந்தது, ஸ்பானர் இருந்தது. ஆனால் திருட்டுக்குப் பயந்து சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு போட்டிருந்தார் மனிதர். அதன் சாவி அவரிடம். பேசாமல் வீட்டுக்குப் போனால் குட்டு வெளிப்படாது, வட்டமும் வராது. அவள் போனை எடுத்து அவரையே கூப்பிட்டாள்.

அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். புகையைப் பார்த்தார். ஹெல்மெட் போட்ட மனைவியைப் பார்த்தார்.

"இதுதான் யோகாவா?"

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ வண்டியில கோளாறு இல்ல?"

"இல்லங்க. கோளாறு நான்தான்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து சக்கரங்களை மாற்றினார். மாற்றி முடித்ததும் நேராகப் போய் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

"வேணாங்க, பயந்துடுவீங்க."

"இப்பவே பயமாத்தான் இருக்கு. ஆனா டயர் எப்படித் தேயுதுன்னு நான் கண்ணால பாக்கணும்."

புகைராணி அவருக்கும் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டாள். வண்டி சீறியது. வால் இடப்பக்கம் ஓடியது. அவளும் ஸ்டீயரிங்கை இடப்பக்கமே திருப்பி, வலது காலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தாள், கொஞ்சம் குறைத்தாள். கால் வட்டம். அரை. "ஐயோ, ஐயோ" என்று பக்கத்தில் ஒரே கூப்பாடு. முக்கால். அந்தக் கூப்பாடு எப்போது "விடாத, விடாத!" என்று மாறியதோ அவளுக்குத் தெரியாது. தொடங்கிய இடம் கண்ணெதிரே வந்து, கடந்தும் போனது. முழு வட்டம்! நிறுத்தியதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர் இறங்கி, நேராகப் பின்பக்கம் போய் டயர்களைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எப்பவும் வலப்பக்கமே சுத்துவியா?"

"ஆமாங்க. எனக்கு அதுதான் வருது."

"அதான் இடது டயர் கூடுதலாத் தேயுது." அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். "சார், மன்னிச்சுக்குங்க. வண்டியைக் குடுக்கறதா இல்ல."

பிறகு வந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"இப்போ இடப்பக்கமாச் சுத்து. ரெண்டும் சமமாத் தேயட்டும்."