எட்டாம் கட்டிலுக்கு எதிரே இருந்த வானம்

பொது மருத்துவமனையின் நுரையீரல் பிரிவுச் சுவரில் தீட்டிய வானம், மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பழுப்பானது. ஆறு மணிக்குச் சிவந்தது. மறுநாள் காலை நீலமாக விடிந்து, மூன்று மணிக்கு, வெளியே இருக்கிற வானத்தைப் போலவே, மறுபடியும் புழுதியேறிப் போனது. தீட்டியவள் லாரிகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதிப் பிழைப்பவள். எதிரே எட்டாம் கட்டிலில் அவள் கணவன் படுத்திருந்தான். பாலைவனத்து ஓரத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷரில் இருபது வருடம் உழைத்து, கல்தூளை நெஞ்சில் வாங்கி வந்தவன். அந்தக் கூடத்தில் இருந்த மற்ற பதினைந்து பேரும் அங்கிருந்து வந்தவர்களே. சுவருக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்ததும் அதே கிரஷர்தான். பார்த்தால் மனசு லேசாகிற மாதிரி, மாசுமறுவில்லாத பாலைவன வானம் வேண்டும் என்று அதன் மேலாளர் கேட்டிருந்தார்.

வந்து பார்த்த மேலாளர் நோயாளிகள் முன்னாலேயே கத்தினார். "நீலம் கேட்டா மண்ணை அப்பி வச்சிருக்கே! எங்க மானத்தை வாங்கணும்னே செஞ்சியா?"

கிரஷரின் பெரிய இயந்திரம் மூன்று மணிக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். "நான் அடிச்சது நீலம்தான் சார்" என்றாள் அவள். "நீங்க மேலே அனுப்புறது இங்கயும் தெரியுது. என்னைக் கேக்காதீங்க, உங்க மெஷினைக் கேளுங்க."

விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள் வண்ண அட்டையைச் சுவரோடு ஒட்டிப் பார்த்து, பெயிண்டர் நீலத்தைச் சரியாகக் கலக்கவில்லை என்று எழுதினார்கள். புழுதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. இனி எந்த அரசுச் சுவரையும் அவள் தொடக் கூடாது என்றார்கள். வானத்தின் மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார்கள்; காய்கிற வரைதான் வெள்ளையாக இருந்தது. கடைசியில் மருத்துவமனைத் தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டு, அசையாத நீலம் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டால் தடையை நீக்குவதாகச் சொன்னார். அவள் கணவனிடம் கேட்டாள்.

"இருபது வருஷமா எல்லாம் சுத்தமா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றான் அவன், இரண்டு இருமலுக்கு நடுவே. "படுத்த பிறகும் அந்தப் பொய்யையே பாக்கச் சொல்றியா?"

தலைவரிடம் போய்ச் சொன்னாள்: "பொறந்ததுலேர்ந்து வானத்தைப் பாக்குறேன் சார். ஒரு நாள் இருந்த மாதிரி அது மறுநாள் இருந்ததில்ல. அந்த ஒண்ணுதான் அதுல மாறாதது. அதை நிறுத்தணும்னா அந்த கிரஷர் மேனேஜரே ஏணி போட்டு ஏறட்டும்."

அந்த வருடம் ஒரே ஒரு நாள் மழை பெய்தது. சுவரிலும் பெய்தது. அதைப் பார்த்தபடியே அவன் இறந்தான். நாற்பத்து நான்கு வயது. சான்றிதழில் இயற்கை மரணம் என்று இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். மொத்தம் மூன்று முறை அதே வார்த்தையோடு வந்தது. மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தாள். நான்காம் முறை கூடத்திலேயே தலைவரை மறித்து நின்றாள். மணி மூன்றரை. அவர் சுவரைப் பார்த்தார், பதினைந்து கட்டில்களையும் பார்த்தார், பேனாவைத் திறந்து 'கல்தூள்' என்று எழுதினார். அதன்பின் மற்ற பதினைந்து பேருக்கும், அவரவர் முறை வந்தபோது, அப்படியே எழுத வேண்டியதாயிற்று.

கிரஷர் இன்னும் ஓடுகிறது. அந்த வானத்திலிருந்து உதிர்ந்து சுவரடியில் சேரும் மண்ணைத் துப்புரவுப் பணியாளர் தினமும் நான்கு மணிக்கு அள்ளிக் கொட்டுகிறார். ஒரு வாளி போதவில்லை என்பதுதான் அவர் மேலிடத்துக்கு எழுதிய ஒரே புகார். இரண்டாவது வாளி போன மாதம் வந்து சேர்ந்தது.