ஆசிரியர் தலையசைத்தார்

வெளிநாட்டு நிருபர் ஒலிவாங்கியைத் தம் மோவாய்க்கு நேரே நீட்டியபோது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் கோஸ்தாதின் பெல்ச்செவுக்குக் கழுத்துப்பட்டை சற்று இறுகிவிட்டதாகத் தோன்றியது. ஈராக் மீது படையெடுப்புத் தொடங்கி அன்று மூன்றாம் நாள். புர்காஸ் விமான நிலையத்தின் கம்பிவேலிக்கு அப்பால், போர் விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் ஊட்டும் பருத்த அமெரிக்க விமானங்கள் உறுமிக்கொண்டிருந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் கழுத்துப்பட்டை அணிந்திருந்தவர் அவர் ஒருவரே என்பதால் நிருபர் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். இந்தப் படையெடுப்பை ஆதரிக்கிறீர்களா என்பது கேள்வி.

அவர் ஆதரித்தார். அவருடைய தெருவில் அதை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இரண்டு உலகப் போர்களிலும் பல்கேரியா மிகுந்த யோசனைக்குப் பிறகே பக்கம் சேர்ந்தது. இரண்டிலும் தோற்ற பக்கத்தில்தான் சேர்ந்திருந்தது. முப்பத்தோராண்டுகள் அந்த இரண்டு பாடங்களையும் மாணவர்களின் முகத்தைப் பாராமலே அவர் நடத்தியிருக்கிறார்.

“இந்த ஒரு தடவையாவது ஜெயிக்கிற பக்கம் நிப்போமே” என்று அவர் மளிகைக் கடையில் பணிவாகச் சொன்னபோது, கடைக்காரர் கன்ச்சோ தராசிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார்: “நாமதான் சேந்துட்டோமே வாத்தியாரே, இனிமே அவங்க எங்க ஜெயிக்கிறது? பாவம், அமெரிக்காக்காரனுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிவைங்கய்யா.”

கடையே சிரித்தது. சிரிக்காதவள் அவர் மனைவி ஸ்லாத்கா மட்டுமே. அவர்களுடைய ஒரே மகன் லூபென் ராணுவத்தில் வாகன ஓட்டி. “ஜெயிக்கிற பக்கத்துலயும் பொணம் விழும், கோஸ்தா” என்று சொல்லிவிட்டு, முதல் குண்டு விழுந்த அன்றே பெட்டியுடன் எதிர்வீட்டுத் தங்கையிடம் போய்விட்டாள். இரண்டு நாட்களாக ஊறுகாய் முட்டைக்கோசும் ரொட்டியும் தின்றபடி, எதிர்வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஆசிரியர்.

இப்போது வேலியோரத்தில் அவர் வாய் திறக்கவும் ஒரு விமானம் கிளம்பவும் சரியாக இருந்தது. தம் சொற்கள் தமக்கே கேட்காததால், தலையசைவை நம்புவதென்று முடிவு செய்தார். பல்கேரியாவில் ஆம் என்றால் தலையை இருபக்கமும் ஆட்ட வேண்டும். இல்லை என்றால் மேலும் கீழும். வெளிநாட்டாருக்கு இது தலைகீழ் என்பதைப் படித்தவரான அவர் அறிவார். விருந்தினரைக் குழப்புவது நாகரிகமல்ல என்று கருதி, அவர்கள் வழக்கப்படியே மேலும் கீழுமாக, மூன்று முறை, அழுத்தமாகத் தலையசைத்தார்.

அந்தக் காட்சியை மாலைச் செய்தியில் பல்கேரியா முழுவதும் பார்த்தது. கேள்வி எழுத்தில் ஓடியது. பின்னணியில் உறுமல். முன்னால் ஒரு கண்ணியமான முதியவர் மேலும் கீழுமாக, மூன்று முறை.

கன்ச்சோ ஒரு புட்டி ராக்கியா சாராயத்துடன் வந்து வாசலிலேயே அவரைக் கட்டிக்கொண்டார். “வாத்தியாரே! அவன் பிளேனை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டே முடியாதுன்னுட்டீங்களே! அதுவும் மூணு தடவை! ஒரு தடவை சொன்னா பத்தாதா? நீங்க வாத்தியாரு, எதையும் மூணு தடவை சொல்லித்தான் பழக்கம்!”

“கன்ச்சோ, அது வந்து, தயவுசெய்து ஒரு நிமிஷம்…” என்று ஆசிரியர் தொடங்கும்போதே தெருவைக் கடந்து ஸ்லாத்கா வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அவரைவிதைச் சூப்புப் பானை. தவக்காலமாதலால் எண்ணெய் கிடையாது. ஆனாலும் புதினா மணத்தது. கன்ச்சோ நாசூக்காக விடைபெற்றார்.

அவள் பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுச் சூப்பை ஊற்றினாள். “மெலிஞ்சுட்ட” என்றாள். இரண்டு நாளில் ஒருவர் மெலிய முடியாது என்பதைச் சுட்டிக்காட்ட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு கரண்டி குடித்தார். ஐந்தாவது கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டார்.

“ஸ்லாத்கா, கோவிச்சுக்காத. நான் வெளிநாட்டுக்காரங்க முறையில தலைய ஆட்டினேன்.”

“அப்படின்னா?”

“ஆமான்னுதான் சொன்னேன்.”

அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை மறுபடி தூக்கினாள். தொலைபேசி ஒலித்தது.

“அப்பா!” லூபெனின் குரல் அறைக்கே கேட்டது. “முகாமே உங்களப் பாத்துச்சு. எங்க சமையக்காரன் எனக்கு ரெண்டாவது தடவையா கறி வச்சான்பா, உங்க மரியாதைக்கு!” பிறகு குரல் தணிந்தது. “இங்க பட்டியல் போடுறாங்க, ஈராக்குக்கு யாரு போறதுன்னு. இஷ்டம் இருக்கா இல்லையான்னு எழுதிக் குடுக்கணும். போகலன்னா உங்களுக்குத் தலைக்குனிவா இருக்குமேன்னு இஷ்டம்னு எழுதி வச்சிருந்தேன். இன்னும் குடுக்கல. சொல்லுங்கப்பா, நான் போகணுமா?”

ஆசிரியர் வாயைத் திறந்தார். முப்பத்தோராண்டு வகுப்பறைக் குரல் அப்போது பார்த்து வரவில்லை. ஆனால் தலை அசைந்தது. மேலும் கீழுமாக, நிற்காமல்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க!”

ஸ்லாத்கா பெட்டியும் கையுமாகக் கதவருகே நின்று அந்தத் தலையையே பார்த்தாள்.

“இது எந்த ஊரு முறை, கோஸ்தா?”

“நம்ம ஊரு” என்றார்.

தொலைபேசியில் மகன் இன்னும் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டுத் தன் வீட்டுச் செருப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டாள்.