பேஸ்மென்ட் காற்று

1

காலத்தை வெல்ல மனிதன் எடுத்த முயற்சிகளிலெல்லாம் ஆகப் பெரியது, ஒரு பொருளைக் கைபடாமல், கறைபடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை.

இந்த வாக்கியத்தை ஒரு கருத்தரங்குக்காக எழுதி வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. வீணாக்குவானேன் என்று இங்கே போட்டிருக்கிறேன். இந்தக் கதையில் அந்தப் பொருள், பச்சைத் தலையுள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மை. பெயர் கேப்டன் ட்ரெங்கோ. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் துப்பாக்கியோடு நிற்கிறான். இதுவரை யாரையும் சுட்டதில்லை. யாரும் வெளியே எடுத்ததில்லை.

கதை கிடைத்த இடம், அக்ரன் நகரில் என் பக்கத்து வீடு. டயர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மெர்ல் குஸ்மாவும் அவர் மனைவி லவானும் அங்கே இருந்தார்கள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் லவான் கேட்டது ஒன்றுதான்: "என்னைப் போட்டேன்னா கொஞ்சம் ஒல்லியாப் போடு."

லவான் ஒல்லியான பெண். (போட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மெர்ல் ஒரு கல்நெஞ்சக்காரர்." அடித்துவிட்டேன். பனி விழுந்தால் என் வாசலையும் சேர்த்து வாரிவிடுகிறவர் அவர்.

இரண்டாவது: "மனைவியைவிடப் பொம்மைகளை நேசித்த ஒரு மனிதர்" — இதை முடிக்கவில்லை. படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் பொய். பொம்மைகளை அவர் நேசித்ததே இல்லை. ட்ரெங்கோ எந்தக் கிரகத்துக்காரன் என்றுகூட அவருக்குத் தெரியாது. நான் கேட்டபோது அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

ட்ரெங்கோவைப் போலப் பெட்டி பிரிக்காத பொம்மைகளாக அவர் சேர்த்தது லவானுக்காக. "பாருப்பா, எனக்கு அப்புறம் இவளுக்கு யாரு இருக்கா? வருஷா வருஷம் விலை ஏறிக்கிட்டே போகுது. இவ கடைசி காலத்துக்கு இதான்."

"இப்பவே கொஞ்சம் வித்தா என்ன?"

"ஏறிக்கிட்டு இருக்கிறத எவனாவது விப்பானா?"

எந்த மெய்யியல் நூலும் இதற்குப் பதில் சொல்லவில்லை. (நான் படித்தவை இரண்டு. ஒன்று பாதியில் நிற்கிறது.)

3

சேகரிப்பவர்களின் சட்டம் எளியது. பெட்டியைத் திறந்தால் அது வெறும் பொம்மை. திறக்காவிட்டால் சொத்து. அட்டையில் ஈரம் ஏறினால் நெளியும், நெளிந்தால் போயிற்று. அதனால் மெர்ல் வீட்டின் பேஸ்மென்டில், தரைக்குக் கீழே உள்ள அந்த அறையில், காற்றை வடிகட்டி ஈரத்தையும் உறிஞ்சுகிற ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போகிறவர்கள் கையுறை போட வேண்டும், கூடுமானவரை பேசக்கூடாது.

மேலே, பழைய ஜன்னல் ஏசியின் கீழே, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு லவான். நுரையீரல் நோய். அந்த வீட்டில் சுத்தமான காற்று ஓர் இடத்தில்தான் இருந்தது. அங்கே ட்ரெங்கோ குடியிருந்தான்.

4

அந்த ஜூனில் வடக்கே காடு எரிந்து, புகை எங்கள் ஊர்மேல் வந்து படுத்துக்கொண்டது. பகலிலேயே தெருவிளக்கு எரிந்தது. கடைகளில் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர், "சுத்தமான, ஈரமில்லாத அறையில் வையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சூப் கொண்டுபோனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"கீழ ஒரு கட்டிலப் போடு, கெழவா."

"போடலாம், லவான். ஆனா ஒரு ஆளு ராத்திரி பூரா மூச்சு விட்டா எவ்வளவு ஈரம் தெரியுமா? அட்டையெல்லாம் குடிச்சிரும்."

"அவ்வளவு மூச்சு எங்கிட்ட இருந்தா நான் ஏன்யா கீழ வரேங்கிறேன்?"

நான் சிரித்துவிட்டேன். லவானும் சிரித்தார், அது இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மெர்ல் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுதார் என்று எழுதலாமா? கண் சிவந்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் அன்று கண் சிவந்திருந்தது.

"சரி, மெஷின மேல தூக்கிட்டு வாயேன்."

"ரெண்டு நாள் கீழ மெஷின் இல்லேன்னா அத்தனையும் போச்சு. உனக்குன்னு சேத்ததும்மா."

"அந்தப் பச்சத் தலையன் என்னைவிட நல்லா மூச்சு விடுறான்," என்றார் லவான் என்னிடம். "இதையும் எழுதிக்க."

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. மெர்ல் இயந்திரத்தை மேலே தூக்கி வருகிறார். அட்டைகள் அப்பளமாய் நெளிகின்றன. லவான் தூங்குகிறார். (என் மனைவிக்குப் பிடித்தது இது. "இப்படியே விட்டுடுங்க" என்றாள்.)

ஆ. மெர்ல் அசந்த நேரத்தில் லவான் குழாயை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒவ்வொரு குமிழாகக் கிழித்து, ட்ரெங்கோவைக் கையில் — இல்லை. பத்துப் படி இறங்க அவருக்கு மூச்சு ஏது? இது எழுத்தாளன் பழிவாங்க எழுதுகிற முடிவு.

இ. மெர்ல் ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு, "நாளைக்குப் புகை போயிரும்" என்கிறார்.

புகை போகத்தான் செய்தது. மறுநாள் லவான் ஆஸ்பத்திரியில் இறந்தார். மூன்றில் எந்த முடிவு நடந்திருந்தாலும் அவர் இறந்திருக்கலாம். நோய் அப்படிப்பட்டது என்று மருத்துவரும் சொன்னார். ஆகவே எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களால் எதோடு தூங்க முடியுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மெர்லும் அப்படித்தான் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்.

6

இந்தப் பகுதியில் காலம், பொருள், மூச்சு பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஒரு தகவல்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அது தானாக நின்றுவிடும். லவானின் அடக்கப் பிரார்த்தனைக்கு நடுவே மெர்ல் எழுந்து வீட்டுக்குப் போய், அதைக் கொட்டிவிட்டு வந்தார். அவர் திரும்பும்வரை பாதிரியார் இன்னொரு பாட்டைப் பாட வைத்தார்.